கோயம்புத்தூரில் நின்ற "கப்பல்கள்"
(நம் வட்டாரத்து விமானக் கொட்டகைகளின் கதை)

கடலே இல்லாத நம் கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் ஒன்று இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒன்று அல்ல, இரண்டு! ஒன்றின் பெயர் கருடா. இன்னொன்றின் பெயர் வைரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதலாவது கோவையிலும், இரண்டாவது சூலூரிலும் "நங்கூரம் போட்டு" நின்றன. 1946-ல் இரண்டும் கலைந்து போயின. தண்ணீரில் மிதக்காத இந்தக் கப்பல்களின் கதைதான் இந்தக் கட்டுரை.

மலர்க் குழுவினர் "பழைய நினைவாக ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும், கட் அடித்துவிட்டுப் பார்த்த சினிமாக்களையும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. ஆனால் நாம் படித்த காலத்தில் தலைக்கு மேலே தடதடவென்று போய்க்கொண்டிருந்த ஃபோக்கர், அவ்ரோ விமானங்களை எத்தனை பேர் மறந்திருப்போம்? சத்தம் ஓயும் வரை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்ற பேராசிரியரையும் மறந்திருக்க மாட்டோம். அந்த விமானங்கள் இறங்கிய இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பது அப்போது நமக்குத் தெரியாது. பரீட்சையில் வராத எதுவும் நமக்குத் தெரியாதே!

ஓடுபாதைக்கு முன்னே கொட்டகை

விமான நிலையம் என்றதும் இன்று நம் கண் முன் வருவது நீண்ட தார் ஓடுபாதை. ஆனால் ஆரம்ப காலத்தில் ஓடுபாதை என்று ஒன்று கிடையாது. மேடு பள்ளமில்லாத புல்வெளி இருந்தால் போதும். அவசியமாக வேண்டியிருந்தது ஒரு கொட்டகைதான். ஹேங்கர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே கொட்டகை என்றுதான் பொருள். அந்தக் காலத்து விமானம் என்பது மரச் சட்டம், அதன்மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு பூசி இறுக்கிய துணி, அவ்வளவுதான். நாலு மழை நனைந்தால் மரம் ஊறும். நாலு மாதம் வெயிலில் காய்ந்தால் துணி மக்கும். ஒரு பெருங்காற்று அடித்தால் வண்டியே குப்புறக் கவிழும். 1903-ல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணல்மேட்டில் பறந்தபோதுகூட, முதலில் ஒரு பலகை ஷெட்டைக் கட்டிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கதை 1910-ல் தொடங்குகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்ற கார்சிகாக்காரர், முந்தின வருஷம் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியில் மயங்கி, தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். சிம்ப்சன் கம்பெனியில் அதைக் கட்டச் செய்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையிலும் பறந்து காட்டினார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களோடு ஹென்றி பெக்கே பறந்தது 1911 பிப்ரவரி 18-ல். உலகின் முதல் விமானத் தபால் என்று அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்பே சென்னையில் ஒரு ஹோட்டல்காரர் பறந்திருக்கிறார் என்பதை ஏனோ யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இருபது வருஷம் கழித்து, பரங்கிமலைப் பக்கம் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு வந்து சேர்ந்தார். அங்கிருந்து அந்த மூட்டையை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரர். இன்று உலகெங்கும் பறக்கும் ஏர் இந்தியாவின் ஆரம்பம் இதுதான். அந்தக் கம்பெனிக்கு ஜுஹுவில் இருந்தது என்ன தெரியுமா? ஓர் ஓலைக் கொட்டகை! மழைக்காலத்தில் ஜுஹு மைதானமே சேறாகிவிடும் என்பதால், மழை முடியும் வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுவார்கள்.

சென்னைக் கிளப்பின் கொட்டகையிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் இலங்கை வரலாற்றிலும் இடம் பிடித்திருக்கிறது. 1935 நவம்பர் 27-ல் கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது ஒரு புஸ் மாத். அதை ஓட்டியவர் சென்னைக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1938-ல் டாட்டாவின் தபால் விமானமும் கொழும்பு வரை போகத் தொடங்கியது. நம் பீளமேட்டில் 1940-ல் ஏரோட்ரம் வந்தது. அதுவரைக்கும் எல்லாம் சின்னச் சின்னக் கொட்டகைகளின் காலம்தான்.

ஏன் கோயம்புத்தூர்?

1942 ஏப்ரலில் நிலைமை தலைகீழாக மாறியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. சென்னையில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடினார்கள். "மெட்ராஸ் காலியான வருஷம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பிரிட்டிஷ் கீழைக் கடற்படை ஆப்பிரிக்கக் கரைக்கே பின்வாங்கிவிட்டது.

1944-ல் அந்தக் கடற்படை திரும்பி வந்தபோது ஜப்பானியர் வசமிருந்த சுமத்திரா, ஜாவா தீவுகளைத் தாக்கத் தொடங்கியது. 1944 ஏப்ரலில் சபாங், 1945 ஜனவரியில் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகள் என்று தாக்குதல்கள் நடந்தன. கோர்சேர், ஹெல்கேட், அவெஞ்சர், பாராகூடா என்று நூற்றுக்கணக்கான விமானங்கள். சண்டையில் அடிபட்டவை ஒரு பக்கம், கப்பல் தளத்தில் இறங்கும்போது சக்கரம் முறிந்தவை ஒரு பக்கம். இவற்றை எங்கே கொண்டுபோய் ரிப்பேர் பண்ணுவது? கடற்கரையில் வைத்தால் மறுபடி குண்டு விழலாம். துறைமுகத்துக்கு எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும், கடலிலிருந்து எட்டாத தூரத்திலும் இருக்க வேண்டும்!

இங்கேதான் நம் ஊர் நிலவியல் வேலை செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற சுமார் 30 கிலோமீட்டர் அகல வாசல். அந்தப் பக்கம் கொச்சித் துறைமுகம். இந்தப் பக்கம் கோயம்புத்தூர். நடுவே ரயில் பாதை. பைகாரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதன் பின்னால் மில்லுகள், மில்லுகளுக்குப் பின்னால் ஃபவுண்டரிகள், லேத் பட்டறைகள். இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-ல் தயாரானது இங்கேதான் என்பதை ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு இருவரையும் சொல்லாமல் எந்தக் கோவைக்காரரும் சொல்ல மாட்டார். ஆக, ஃபிட்டரும் டர்னரும் மோல்டரும் ஏற்கெனவே இருந்த ஊர் இது. அதிக மழையில்லாத சீதோஷ்ணம் வேறு. ரிப்பேர் பட்டறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு விஷயம். பீளமேடு ஓடுபாதையும் சூலூர் ஓடுபாதையும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், இரண்டும் ஒரே திசையில், வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கின்றன. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். ஆடியில் கணவாய் வழியாக வருவது தென்மேற்குக் காற்று. ஐப்பசிக்கு மேல் வீசுவது வடகிழக்குக் காற்று. பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும், இந்த இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும் அந்த ஒரே கணவாயின் கைங்கரியம்தான்.

பறவைப் பெயர்கள்

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விசித்திரமான வழக்கம். கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயர்தான் வைப்பார்கள். முகாமின் கேட்டைத் தாண்டி வெளியே டீ குடிக்கப் போனால்கூட "கரைக்குப் போகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பெரும்பாலும் பறவைப் பெயர்களை வைத்தார்கள். இங்கிலாந்தில் யோவில்டன் தளத்துக்குப் பெயர் ஹெரான், அதாவது நாரை. ஃபோர்டு தளத்துக்கு பெரெக்ரின், அதாவது ஒரு வகை வல்லூறு.

நம் நாட்டுக்கு வந்ததும் அவர்கள் இங்கிலீஷ் பறவைகளைக் கொண்டுவரவில்லை. நம் பறவைகளின் பெயர்களை நம் மொழியிலேயே எடுத்துக்கொண்டார்கள். தாம்பரம் தளம் வல்லூறு. சூலூர் வைரி. கோவை ரிப்பேர் யார்டு கருடா. கொச்சி கழுகு. கப்பலில் வந்த விமானங்களைப் பூட்டித் தயார் செய்யும் இடம் கொச்சிதான். இலங்கையில் புத்தளத்துக்கு ராஜாலியா, அதாவது நம் ராஜாளி. கட்டுக்குருந்தைக்கு உகுஸ்ஸா, சிங்களத்தில் பருந்து. கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத் தளத்துக்கு பேருண்டா. புத்தளத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட கோர்சேர் விமானங்களை யானை கட்டி இழுத்த புகைப்படங்கள்கூட இருக்கின்றன. ராஜாளியை யானை இழுத்தது என்று ஒரு விடுகதையே போடலாம்!

"ஹெச்.எம்.எஸ். வல்லூறு", "ஹெச்.எம்.எஸ். வைரி" என்று லண்டனில் உட்கார்ந்து ஃபைலில் எழுதியிருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. வைரி என்ற சொல்லை நம்மில் எத்தனை பேர் இன்று பயன்படுத்துகிறோம்? கோழிக்குஞ்சைத் தூக்க வரும் பறவையைப் பார்த்து "வைரி வருது, வைரி வருது" என்று கூவிய பாட்டிமார்களோடு அந்தச் சொல்லும் போய்விட்டது.

அந்தப் பட்டறைகளில் என்ன நடந்தது? விமானம் என்பது ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. எஞ்சினைக் கழற்றி, பிரித்து, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். கடற்படை விமானங்களின் சிறகுகள் மடங்கக்கூடியவை. கப்பலில் இடம் மிச்சம் பிடிக்க அந்த ஏற்பாடு. அதனால் ஒரு கொட்டகைக்குள் மற்ற விமானங்களைவிட அதிகமாக அடைக்க முடியும். பழைய காலத்துக் கொட்டகை விமானத்துக்குப் படுக்கையறை. போர்க் காலத்துக் கொட்டகை ஆஸ்பத்திரி. நல்ல நிலையில் உள்ளவை வெளியே நிற்கும், நோயாளிகள் மட்டும் உள்ளே.

என் சொந்தக்காரர் ஒருவர், பின்னாளில் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இளவட்டமாக இருந்தபோது இந்த "நேவி கேம்ப்"பில் கொஞ்ச காலம் எடுபிடியாக வேலை பார்த்தவர். அவர் சொல்வார்: "ஸ்பேனரை எண்ணிக் குடுப்பான், சாயங்காலம் எண்ணி வாங்குவானுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் ஒருத்தனும் வூட்டுக்குப் போக முடியாது. எஞ்சினுக்குள்ள கிடந்து ஆளைக் கொன்னுபோடும்னு சொல்லுவான்." மில்லிலும் அவர் கடைசி வரை அப்படித்தான் எண்ணி வாங்கினார். நம் ஊர்ப் பட்டறைகளின் ஒழுங்குக்கு இந்தக் கொட்டகைகளும் ஒரு பள்ளிக்கூடம் என்று எனக்குப் படுகிறது.

சண்டை ஓய்ந்த பின்

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. மறு வருஷம் கருடாவும் வைரியும் கலைக்கப்பட்டன. போர்க் காலக் கொட்டகைகள் ஏன் பல இடங்களில் மிஞ்சவில்லை என்பதற்கு அவற்றின் கட்டுமானமே பதில் சொல்லும். பிரிட்டிஷ் படைத் தளங்களில் பரவலாக இருந்த பெல்மன் வகைக் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் வடிவமைத்தது. 95 அடி அகலம், 175 அடி நீளம். எல்லாம் போல்ட் போட்டு முடுக்கும் எஃகுச் சட்டங்கள். பன்னிரண்டு ஆட்கள் சேர்ந்து, மொத்தம் 500 ஆள்–மணி நேர உழைப்பில் நிறுத்திவிடலாம். நிறுத்துவது சுலபம் என்றால் பிரிப்பதும் சுலபம்தானே! போர் முடிந்ததும் "டிஸ்போசல்" ஏலங்களில் லாரி, ஜீப், ஜெனரேட்டரிலிருந்து தகரம் வரை எல்லாம் விற்றார்கள். பழைய பட்டறைக்காரர்களிடம் டிஸ்போசல் என்று சொன்னால் இன்றும் கண்கள் மின்னும். உபரியாக நின்ற டகோட்டா விமானங்களைக்கூட வாங்கி, நாட்டில் புதுப்புது விமானக் கம்பெனிகள் முளைத்தன. 1953 ஆகஸ்டில் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது.

போருக்காக அவசரமாகப் போட்ட மற்ற தளங்களின் கதி ஒவ்வொன்றும் ஒரு விதம். சோழவரத்து ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. கயத்தாறில் விமானம் போய்க் காற்றாலை வந்தது. உளுந்தூர்பேட்டையும் செட்டிநாடும் ஆடு மாடு மேயும் சிமெண்ட் தரையாக நெடுங்காலம் கிடந்தன. தஞ்சாவூர்த் தளம் 2013-ல் விமானப்படை நிலையமாக மறுபிறவி எடுத்தது.

சூலூருக்கு மட்டும் அதிர்ஷ்டம் வேறு மாதிரி. சுதந்திர இந்தியாவின் கடற்படை, தன் ஜெட் விமானப் பிரிவை 1958-ல் அமைத்தது சூலூரில்தான். விக்ராந்த் கப்பலுக்கான சீ ஹாக் போர் விமானங்களும், வாம்பயர் பயிற்சி விமானங்களும் இங்கே இருந்தன. 1961 செப்டம்பர் 5-ல் அந்தத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ஹம்சா என்று பெயர் சூட்டினார்கள். வைரி இருந்த இடத்தில் அன்னம்! கோவா விடுதலை ஆனதும், 1964 ஜூனில் ஹம்சா அங்கே டபோலிமுக்குப் பறந்துவிட்டது. இன்று கோவாவில் இருக்கும் அந்தப் பெரிய கடற்படைத் தளத்தின் பிறந்த வீடு நம் சூலூர் என்று கோவாக்காரர்களிடம் நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கருடனும் இடம் மாறியது. 1953 மே 11-ல் இந்தியக் கடற்படையின் முதல் விமானத் தளம் கொச்சியில் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ஐ.என்.எஸ். கருடா. அதே வழியில் 1992 மார்ச் 11-ல் அரக்கோணத்துப் பழைய போர்க் காலத் தளம் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது, 2009-ல் ராமநாதபுரம் உச்சிப்புளித் தளம் ஐ.என்.எஸ். பருந்து ஆனது. அசலாகத் தமிழ்ப் பெயர்கள்! வெள்ளைக்காரன் தொடங்கிய பழக்கம் என்றாலும், பறவைகள் நம்முடையவைதானே.

1980-களின் தொடக்கத்தில் பீளமேட்டு ஓடுபாதையை நீட்டுவதற்காக மூடியபோது, பயணிகள் விமானங்கள் சூலூரில்தான் இறங்கின. 1987-ல்தான் பீளமேடு மீண்டும் திறந்தது. 2012-ல் அது சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியைப் பெற்றது. சூலூருக்கு 2018-ல் தேஜஸ் போர் விமானங்கள் வந்தன; 2020-ல் இரண்டாவது தேஜஸ் அணியும் அங்கேயே தொடங்கியது. 2024 ஆகஸ்டில் பல நாட்டு விமானப்படைகள் கலந்துகொண்ட தரங் சக்தி பயிற்சியின் முதல் கட்டமும் அங்கேதான் நடந்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டு விமானங்களைக் கழற்றிப் பூட்டிய வட்டாரம், உள்நாட்டில் வடிவமைத்த போர் விமானத்தின் வீடாகியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இதையெல்லாம் படித்துவிட்டு "அதனால என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் நம் பேட்ச்சிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1944-ல் அந்தப் பட்டறையில் இருபது வயதில் ஸ்பேனர் பிடித்தவருக்கு 2024-ல் வயது நூறு. நான் சொன்ன சொந்தக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை. ஆவணங்களில் கப்பலின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்கும். அவிநாசி ரோட்டிலிருந்தும் இருகூரிலிருந்தும் தூக்குப்போசியோடு நடந்து வேலைக்குப் போனவரின் பெயர் இருக்காது. ஓடுபாதைக்காகத் தன் சோளக்காட்டைக் கொடுத்தவரின் வருத்தமும் இருக்காது. அவை நம் வீட்டுப் பேச்சில் மட்டும்தான் இருக்கின்றன. கொட்டகையை போல்ட் கழற்றி எடுத்துப் போவதுபோல, காலம் அதையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறது. பீளமேடு விமான நிலைய விரிவாக்கத்துக்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்தது. வளர்ச்சி வேண்டியதுதான். அது வரும்போது பழைய அடையாளங்கள் தரைமட்டமாவதும் இயற்கை. இடிவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைப்பதற்கு என்ன செலவாகப் போகிறது?

ஆகவே, நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் தகரப் பெட்டியில், போர்க் காலத்து கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பித்தளை டோக்கன், குரூப் போட்டோ ஏதாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். சங்கத்தில் ஒரு பிரதியாவது கொடுங்கள். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் யாராவது குடும்பத்தில் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். இப்போது படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் இதை ஒரு புராஜெக்டாக எடுத்துச் செய்தால், கட்டும் மாடலை விடப் பிரயோசனமாக இருக்கும். சங்கம் சம்மதித்தால் முதல் காரியமாக என்னிடம் உள்ள குறிப்புகள் அத்தனையையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

வைரி என்ற பெயர் சூலூரை விட்டுப் போய் எண்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தமாவது தெரியட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!